குவாண்டைஸ் பட்டன்ல கை வைக்காதீங்க மக்கா!

போன வாரம் அக்கா பையன் மதுரையிலேருந்து போன் பண்ணினான். காலேஜ் ரெண்டாவது வருஷம். "மாமா, சொந்தமா மியூசிக் பண்ணலாம்னு இருக்கேன். எந்த பிளக்-இன் வாங்கணும்?"னு கேட்டான். ஏற்கெனவே என்னடா வச்சிருக்கேன்னு கேட்டா பெரிய லிஸ்டா வாசிக்கிறான். ஆர்கெஸ்ட்ரா நாலு, பியானோ ஏழு, ட்ரம் கிட்டுக்குக் கணக்கே இல்லை. ஹார்டு டிஸ்க்கில் பாதி இதுதானாம். அதுல காசு குடுத்து வாங்கினது எதுன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல.

"சரிடா, இதுவரைக்கும் எத்தனை பாட்டு முடிச்சிருக்கே?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "முடிச்சதுன்னா... எட்டு பார் லூப் ஒரு முப்பது இருக்கு மாமா."

சிரிப்பு வந்துச்சு. ஆனா சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. மூணு வருஷம் நானும் அதே கேஸ்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காருவேன். புதுசா ஒரு வயலின் இறக்குவேன், நாலு நோட்டு வாசிச்சுப் பாப்பேன், "அடடா, என்னமா இருக்கு!"ன்னு சொல்லிக்குவேன், அடுத்த வயலினைத் தேடப் போயிடுவேன். தங்கமணி ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு, "கடையில புடவை பாக்கறப்ப என்னைத் திட்டுவீங்களே, இது என்னவாம்?"னு கேட்டுட்டுப் போனாங்க. பதில் இல்லை.

டிஸ்கி: நான் மியூசிக் டைரக்டரும் இல்லை, சவுண்டு இன்ஜினியரும் இல்லை. பகல்ல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு ராத்திரி 49 கட்டை மிடி கீபோர்டு ஒண்ணை வச்சுத் தடவுற ஆசாமி. அதனால இது பாடம் இல்லை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

முதல்லயே என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். மல்டிட்ராக் மிடி கத்துக்கறதுன்னா, ரூம்ல இல்லாத அஞ்சாறு பேரை உக்கார வச்சு, ஒவ்வொருத்தரா நாமே மாறி வாசிக்கக் கத்துக்கறது. சாஃப்ட்வேர் ரெண்டாம்பட்சம். அதனால முதல் ஆறு மாசம் ரெண்டு விரதம் இருக்கணும். ஒண்ணு, புதுசா எந்த வாத்தியமும் இறக்கக் கூடாது. ரெண்டு, குவாண்டைஸ் பட்டன்ல கை வைக்கவே கூடாது. ஏன்னு சொல்றேன்.

மிடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் கொசுவர்த்தி. 1980 வாக்கில் ஒவ்வொரு கம்பெனி சிந்தசைசரும் ஒவ்வொரு பாஷை பேசிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கம்பெனி கீபோர்டை அமுக்கி இன்னொரு கம்பெனிப் பெட்டியில சத்தம் வர வைக்கறது பெரிய பாடு. அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனர் இக்குடாரோ காக்கேஹாஷியும் இதுக்கு ஒரு பொதுப் பாஷை வேணும்னு முனைஞ்சாங்க. 1981ல ஸ்மித் ஒரு கட்டுரையா முன்வைச்சார். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒண்ணுல ரெண்டு வேற வேற கம்பெனி கீபோர்டை ஒரு ஒயரால இணைச்சுக் காட்டினாங்க. இதை வாசிச்சா அது பாடுச்சு. அதுக்கு முப்பது வருஷம் கழிச்சு, 2013ல, ரெண்டு பேருக்கும் சேர்த்து டெக்னிக்கல் கிராமி குடுத்தாங்க.

முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, மிடிக்குள்ள சத்தமே கிடையாது. அது ஒரு சீட்டு. "60ஆம் நம்பர் கட்டையை அமுக்கினான், 84 அளவு வேகத்துல அமுக்கினான், இப்ப விட்டுட்டான்." இவ்வளவுதான் அதுல எழுதியிருக்கும். வேகம் 0லேருந்து 127 வரைக்கும். சேனல் 16. இந்தச் சீட்டை வாங்கிப் படிச்சு சத்தமா மாத்தறதுதான் விர்ச்சுவல் வாத்தியம். இளையராஜா தாளில் நோட்ஸ் எழுதி ஒவ்வொருத்தர் ஸ்டாண்டுலயும் வைக்கிறார் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்க அந்தத் தாளைப் படிக்கிறவர் முப்பது வருஷம் வயலின் வாசிச்ச மனுஷன். எங்க இழுக்கணும், எங்க விடணும்னு தாள்ல இல்லாததையும் அவரே சேத்து வாசிப்பார். நம்ம பொட்டியில இருக்கிற வயலினுக்கு அந்த அறிவு கிடையாது. சீட்டுல என்ன இருக்கோ அதை மட்டும் அப்படியே வாசிக்கும். அந்த முப்பது வருஷத்தையும் சீட்டுல நாமதான் எழுதணும். கஷ்டம் அங்கதான் இருக்கு.

ஆரம்பத்துல எல்லாரும் முட்டிக்கிற முதல் சுவர் லேட்டன்சி. கட்டையை அமுக்கினா சத்தம் கொஞ்சம் லேட்டா வரும். நான் முதல் மாசம் முழுக்க "நமக்குத் தாள ஞானமே இல்லை போல"ன்னு நொந்துக்கிட்டேன். தப்பு என்மேல இல்லை, பஃபர் சைஸ்மேல. கணக்கு ரொம்ப சிம்பிள். பஃபர் 1024 சாம்பிள், ரேட் 44,100ன்னா, வகுத்துப் பாருங்க, 23 மில்லி செகண்டு வரும். காத்துல சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்டு. அப்ப நம்ம ஸ்பீக்கர் எட்டு மீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி. நாம கல்யாண மண்டபத்து மேடையில, நம்ம தவில்காரர் பந்தி நடக்கிற வாசல்ல! பஃபரை 128க்கு இறக்கினா 3 மில்லி செகண்டுக்கு வந்துடும், பக்கத்துல வந்து உக்காந்துடுவார். விண்டோஸ்ல ஆசியோ டிரைவர் போட்டுத்தான் இதைச் சரியாப் பண்ண முடியுது. ரெக்கார்டு பண்றப்ப 128, மிக்ஸ் பண்றப்ப 1024. இதை எனக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தா ஒரு மாசத் தாழ்வு மனப்பான்மை மிச்சம்.

இனி குவாண்டைஸுக்கு வருவோம்.

நாம வாசிச்ச நோட்டு தாளக் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்ன பின்ன விழுந்திருக்கும். குவாண்டைஸ் பட்டனை அமுக்கினா எல்லாத்தையும் பிடிச்சு இழுத்து, கோடு போட்ட மாதிரி கட்டத்துல நிறுத்திடும். ஸ்கூல் அசெம்பிளியில பி.டி. மாஸ்டர் விசில் ஊதின மாதிரி. முதல் தடவை அதைப் பாத்தப்ப எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. தடுமாறி வாசிச்சதெல்லாம் ஒரே நொடியில நேராயிடுச்சு. நாமளும் கலைஞன்தான்டான்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டேன்.

அப்ப நான் எடுத்துக்கிட்ட மெட்டு எங்க அப்பத்தா பாடுற தாலாட்டு. அஞ்சு ட்ராக். அடியில பேஸ், அப்புறம் நைலான் கம்பி கிடார், வயலின் கூட்டம், புல்லாங்குழல், மேல லேசா ஒரு டேப் மாதிரி தாளம். எல்லாத்தையும் வாசிச்சு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, நூத்துக்கு நூறு குவாண்டைஸ் பண்ணி, பளபளன்னு ஒரு எம்பி3 ஆக்கி ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். யாருக்குப் போட்டுக் காமிச்சேன்? எங்க சித்தப்பாவுக்கு.

சித்தப்பா யாருன்னு சொன்னாத்தான் இது புரியும். மெல்லிசைக் குழுவில் வயலின். எண்பதுகளில் மதுரைச் சுத்துப்பட்டுல கோயில் திருவிழா, கல்யாணம்னு வருஷம் பூரா கச்சேரி. வேன்ல பதினஞ்சு பேர் போவாங்க. நான் சின்னப் பையனா அந்த வேன்ல அவர் மடியில தூங்கிக்கிட்டே போயிருக்கேன். அப்புறம் கீபோர்டுங்க வந்துச்சு. மூணு வயலின் ஒரு வயலின் ஆச்சு. பிறகு அந்த ஒண்ணும் "கீபோர்டுலயே வந்துடுதுண்ணே"ன்னு ஆச்சு. கடைசியில கரோக்கே ட்ராக்கைப் போட்டுட்டு ரெண்டு பாடகர் மட்டும் மேடையில நிக்கிற நிலைமை. சித்தப்பா டியூஷன் எடுத்தார். கொஞ்ச நாள் ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதினார். வயலின் பரண் மேல போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. ஆனா வெளிய வர்ற நாள் குறைஞ்சிடுச்சு.

அப்படிப்பட்ட மனுஷன் கிட்ட போயி, பொட்டியில பண்ணின வயலினைப் போட்டுக் காமிக்கிறேன். எவ்வளவு புத்திசாலி பாருங்க நான்.

"அந்தப் பொட்டிதான்டா எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுச்சு"ன்னுதான் முதல்ல சொன்னார். கோவமா சொல்லல. மழை பெய்யுதுடாங்கிற மாதிரி சொன்னார். அப்புறம் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கிட்டார். முழுசா கேட்டார். கழட்டி வச்சுட்டு, "ஆத்தா பாட்டுதானே?"ன்னார். ஆமா சித்தப்பான்னேன்.

"ஆத்தா இப்படிப் பாட மாட்டாளே தம்பி. தொட்டில் ஆட்டிக்கிட்டேல்ல பாடுவா? தொட்டில் அந்தக் கடைசிக்குப் போயி ஒரு நிமிஷம் நிக்கும், அங்க அவளும் கொஞ்சம் நிப்பா. நீ போட்டிருக்கறதுல தொட்டிலே இல்லையே. புள்ள எப்படித் தூங்கும்?"

நான் அசந்து உக்காந்திருக்கும்போதே அடுத்த குண்டு. "அது சரி, நடுவுல வயலின் ஒரே நோட்டை இழுத்துக்கிட்டே போகுதே, அவன் வில்லு எத்தனை அடி நீளம்?"

வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தேன். 11 செகண்டு ஒரே நோட்டு, வில் திரும்பவே இல்லை. அடி வயிறு கலங்கற சத்தத்துல அவ்வளவு நேரம் ஒரே இழுப்புல எந்த வயலின்காரராலயும் வாசிக்க முடியாது. கூட்டமா வாசிக்கிறப்ப ஆளுக்கு ஒரு இடத்துல வில்லைத் திருப்பிச் சமாளிப்பாங்க. அந்தச் சமாளிப்புதான் நமக்குக் கூட்டமா வாசிக்கிற சத்தமாவே கேக்குது. எனக்கு அது தெரியாது. கட்டையை அமுக்கினேன், சத்தம் வந்துச்சு, விடல. அவ்வளவுதான்.

அன்னிக்குத்தான் குவாண்டைஸ் பட்டன் என்ன பண்ணுதுன்னு உறைச்சுது. நாம தாளத்துக்கு வெளியே விழறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தடுமாற்றம், இன்னொண்ணு தொட்டில். பட்டனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் சேத்துத் துடைச்சிடும். எது தடுமாற்றம், எது தொட்டில்னு காதால பிரிச்சுப் பாக்கத் தெரியறதுதான் கத்துக்க வேண்டிய வித்தை. முதல் நாளே பட்டனை அமுக்கிட்டா அந்தக் காது வளரவே வளராது.

இதை வெறும் கிராமத்து சென்டிமென்ட்டுன்னு நினைக்காதீங்க. 1980ல வந்த எல்எம்-1 ட்ரம் மெஷினைச் செஞ்ச ரோஜர் லின், தாளத்தைக் கட்டத்துல நிறுத்தற வசதியைக் குடுத்த அதே பெட்டியிலயே, கட்டத்தைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கிற ஸ்விங் வசதியையும் சேத்தே குடுத்தார். நேரா நிறுத்தினா மட்டும் பத்தாது, சாயவும் வேணும்னு அந்த மனுஷனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. இன்னிக்கு நிறைய சாஃப்ட்வேர்ல குவாண்டைஸுக்கு வலுன்னு ஒரு ஸ்லைடர் உண்டு. நூறுக்குப் பதிலா நாப்பதோ அம்பதோ வச்சா, நோட்டைக் கட்டத்துப் பக்கம் பாதி வழி மட்டும் நகர்த்தும். ஆறு மாச விரதம் முடிஞ்ச பிறகு அதை அளவாப் பயன்படுத்துங்க, தப்பில்லை. அதுவரைக்கும், தப்பா வாசிச்சா திரும்ப வாசிங்க. பத்து டேக் எடுங்க. காசா பணமா?

"மெஷின்ல எல்லாமே பண்ணலாம், ஏ.ஆர். ரஹ்மான் அப்படித்தானே பண்ணினார்?"னு அக்கா பையன் கேட்டான். 1989ல தன் வீட்டுப் பக்கத்துலயே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டி, 1992ல 'ரோஜா' குடுத்தவர்தான். சீக்வென்சரைக் கையாளறதுல மன்னன்தான். ஆனா 1995ல வந்த 'பம்பாய்' தீம் இசையைக் கேளுங்க. அந்தப் புல்லாங்குழல் ஒரு மனுஷன் ஊதினது. எதைப் பொட்டிக்குக் குடுக்கணும், எதை மனுஷனுக்குக் குடுக்கணும்னு தெரிஞ்சு வச்சிருந்தார். நம்ம ரூமுக்கு வந்து ஊத யாரும் இல்லைங்கறதால பொட்டியில ஊதறோம், சரி. குறைஞ்சபட்சம் ஊதறவங்களுக்கு மூச்சு வாங்கும்னாவது ஞாபகம் வச்சுக்கணுமில்ல?

எனக்குப் பட்ட நடைமுறை விஷயங்களை வரிசையா சொல்லிடறேன்.

1. ஒரு சாஃப்ட்வேர், அஞ்சு வாத்தியம். போதும். காசில்லைன்னு திருட்டுத்தனமா இறக்க வேண்டிய அவசியம் இன்னிக்கு இல்லை. எல்எம்எம்எஸ், மியூஸ்ஸ்கோர், சர்ஜ் எக்ஸ்டி எல்லாம் திறந்த மூலத்துல சும்மாவே கிடைக்குது. ரீப்பரை 60 நாள் முழுசா ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். இலவச சவுண்ட்ஃபான்ட் எக்கச்சக்கம்.

2. முதல்ல ஒரு ட்ராக்கில் மெட்டைக் கரடுமுரடா பியானோவில் வாசிச்சு வைங்க. தாளம், பேஸ், கிடார்னு அதைக் கேட்டுக் கேட்டு அடுக்குங்க. கடைசியா அந்தப் பியானோவை அழிச்சுட்டு நிஜ மெட்டை வாசிங்க. வீடு கட்டினப்புறம் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி.

3. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. வயலினோட கடைசித் தந்தி நம்பர் 55, சாதாரணக் கச்சேரிப் புல்லாங்குழலோட அடி நோட்டு 60. பொட்டி அதுக்குக் கீழயும் சில சமயம் சத்தம் போட்டுக் குடுக்கும். ஏமாறாதீங்க. காதுக்கு ஏதோ உறுத்தும், என்னன்னு தெரியாது.

4. வயலின் கூட்டத்தை ரெண்டு கையாலயும் பியானோ மாதிரி கொத்தா அமுக்காதீங்க. நாலு குரலை நாலு தனி ட்ராக்கா, ஒவ்வொண்ணாப் பாடிக்கிட்டே வாசிங்க. வாயால பாட முடியாத வரியை அந்த ஆளும் வாசிக்க மாட்டார்.

5. நீளமா இழுக்கிற வாத்தியங்களுக்குக் கட்டையை அமுக்கற வேகம் பெரும்பாலும் உதவாது. சத்தம் ஏறி இறங்கறது கண்ட்ரோலர் 1லயும் 11லயும் இருக்கு, அதாவது மாடுலேஷன் சக்கரமும் எக்ஸ்பிரஷனும். நோட்டை ஒரு தடவை வாசிச்சுட்டு, இன்னொரு தடவை ஓட விட்டு சக்கரத்தை மட்டும் தனியா உருட்டி ரெக்கார்டு பண்ணுங்க. மவுஸால கோடு வரையாதீங்க.

6. எவ்வளவு மோசமா இருந்தாலும் முடிங்க. எட்டு பார் லூப் முப்பதை விட ஒரு முழுப் பாட்டு நிறைய சொல்லிக் குடுக்கும். எங்க ஆரம்பிக்கறதுன்னு லூப்புக்குத் தெரியும். எங்க நிறுத்தறதுன்னு பாட்டுதான் சொல்லும்.

இதுக்கு மேல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு. கமகம். 1991ல ஜெனரல் மிடின்னு 128 வாத்தியத்துக்கு நம்பர் போட்டாங்க. சிதாருக்கு 105, ஷெனாய்க்கு 112. வீணையும் நாதஸ்வரமும் அந்த லிஸ்ட்லயே இல்லை. தாளக் கருவிகளுக்குன்னு ஒதுக்கின 10ஆம் சேனல்ல காங்கா இருக்கு, போங்கோ இருக்கு, மிருதங்கம் இல்லை. அது போகட்டும், பேர்தான். உள்ளுக்குள்ளயே பிரச்சினை இருக்கு. நோட்டை வளைக்கிற பிட்ச் பெண்டு வழக்கமா ரெண்டு செமிடோன் மேல, ரெண்டு கீழதான் போகும். அதுவும் அந்த சேனல்ல இருக்கிற எல்லா நோட்டையும் ஒண்ணா சேத்து வளைக்கும். கீழ சா நிக்கணும், மேல காந்தாரம் அசையணும்னா ஒரே சேனல்ல நடக்காது. ரெண்டு சேனல் வேணும். 2018ல வந்த எம்பிஇ முறை இதைத்தான் ஒழுங்குபடுத்துச்சு, நோட்டுக்கு ஒரு சேனல். 2020ல வந்த மிடி 2.0ல நோட்டுக்கு நோட்டு தனியா வளைக்கிற வசதியே வந்தாச்சு.

ஆனா அதுக்காகப் புது கீபோர்டு வாங்க ஓடாதீங்க. பழைய பிட்ச் சக்கரத்துலயே 16,384 படி இருக்கு. படி பத்தலைன்னு சொல்ற அளவுக்கு நாம இன்னும் போகல. தோடி காந்தாரத்தை முதல் மாசமே பிடிக்கணும்னு அடம் பண்ணாம, மோகனத்துல ஒரு சின்ன ஜாரு ஒழுங்கா வருதான்னு பாருங்க. வலது கை கட்டையில, இடது கை சக்கரத்துல. ரெண்டு கையும் ஒரே ஆள் மாதிரி பேச எனக்கு நாலு மாசம் ஆச்சு.

சரி, மறுபடியும் சித்தப்பா.

அந்த எம்பி3 விவகாரத்துக்குப் பிறகு, தாலாட்டை அடியோட அழிச்சுட்டு மறுபடி வாசிச்சேன். மெட்ரோனோமை அணைச்சுட்டு, முதல் ட்ராக்கா என் காலால தரையில தட்டினதை ரெக்கார்டு பண்ணி, அது மேல எல்லாத்தையும் அடுக்கினேன். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப லேப்டாப்பையும் கீபோர்டையும் தூக்கிக்கிட்டே போனேன். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. வலது கை நடுங்குது, வில் நிக்காது. வாசிக்கிறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சித்திதான் சொன்னாங்க.

வயலின் நோட்டை நான் வாசிச்சேன். அவர் பக்கத்துல உக்காந்து வாயால பாடிக் காமிச்சு, "இங்க வில்லு மேல, இங்க கீழ, இங்க எடுத்துடு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். பதினஞ்சு டேக்காவது இருக்கும். நோட்டு முடிஞ்சதும், "சித்தப்பா, சத்தம் ஏத்தி இறக்கறது இந்தச் சக்கரம், நீங்க உருட்டுங்க"ன்னேன். வேணாம்னார். கையைக் காட்டினார். பரவால்ல உருட்டுங்கன்னேன்.

ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் உருட்டினார்.

முடிஞ்சதும் ஸ்க்ரீன்ல அந்தக் கோட்டைப் பாத்தேன். 0க்கும் 127க்கும் நடுவுல அழகா ஏறி இறங்குது, ஆனா வழி நெடுக ரம்பப் பல்லு மாதிரி சின்னச் சின்ன நடுக்கம். அதைச் சமமாக்கறதுக்கும் ஒரு பட்டன் இருக்கு. ஒரு அமுக்குல வழவழன்னு ஆயிடும். நான் அமுக்கல. கேக்கறப்ப நடுக்கம்னு தெரியல. அந்த வயலினுக்கு உயிர் இருக்கிற மாதிரி மட்டும் கேக்குது.

சித்தப்பா ஹெட்போன்ல ரெண்டு தடவை கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வயலின் இல்லை"ன்னார். வாஸ்தவம்தான். நானும் வாதாடல.

என் கருத்து இவ்வளவுதான். விர்ச்சுவல் வாத்தியம் பாவம் இல்லை. பதினஞ்சு பேருக்குச் சம்பளம் குடுத்து ஸ்டூடியோ எடுக்க வக்கில்லாத என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் வழி. ஆனா சித்தப்பா மாதிரி ஆளுங்க இழந்த பொழப்பை நாம திருப்பிக் குடுக்கப் போறதில்லை. அதை மறைச்சுப் பேசக் கூடாது. அவங்க கையில இருந்த விஷயத்தையாவது கேட்டு வாங்கி வச்சுக்கலாம். எங்க வில்லு திரும்பும், எங்க மூச்சு வாங்கும், மிருதங்கத்துல எந்தக் கையில எந்தச் சொல்லு விழும். எந்த மேனுவல்லயும் இது கிடையாது. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பழைய கச்சேரி ஆள் திண்ணையில உக்காந்திருக்கார். யாரும் கேக்காததால அவரும் சொல்லல.

அக்கா பையன் கிட்ட இதைத்தான் சொன்னேன். "பிளக்-இன் ஒண்ணும் வாங்க வேணாம்டா. சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சின்னத் தாத்தா வீட்டுக்குப் போ. உன்னோட முப்பது லூப்பையும் போட்டுக் காமி. திட்டுவார். திட்டி முடிச்சதும் எது தப்புன்னு கேளு."

"அவருக்கு இதெல்லாம் புரியுமா மாமா?"ன்னான்.

"புரியாது. நீ போயிட்டு வா"ன்னேன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயந்திரம் சித்தி போன் பண்ணினாங்க. மத்தியானம் வந்தவன் இன்னும் கிளம்பலையாம். ராத்திரிக்குத் தோசைக்கு மாவு பத்துமான்னு பாத்துக்கிட்டு இருக்காங்களாம் :-)